பெல்வுட் வளவும் கொட்டாஞ்சேனை வீடும்

எங்கள் பழைய கந்தோரில் இப்போது வேலை செய்யும் இளம் சட்டத்தரணிகள் இரண்டு பேர் போன மாதம் வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தார்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கத்துக் கிளாக்கர்மாருக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். நாற்பது வருஷம் காணி உறுதிப் பத்திரங்களைத் தேடிப் பார்த்தவன் என்பதால் நானும் ஏதாவது எழுத வேண்டுமாம். இப்போது அந்த வேலை சுலபமாகிவிட்டது என்றும், அச்சடித்த படிவம் இருக்கிறது, கட்டங்களை நிரப்பினால் முடிந்தது என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் காணியின் பெயர், கடைசிக் கட்டத்தில் சாட்சிகள். தலைகீழாய் இருக்கிறது என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பேர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

வெள்ளைக்காரன் ஆட்சியில், இரண்டாவது பெரிய சண்டைக்குச் சில வருஷம் முன்னால் நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். கையில் ஒரு சேட்டிபிக்கற்றும், நல்ல கையெழுத்தும், ஊரிலே மாமா ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தன. வெள்ளவத்தையில் எங்களூர்ப் பெடியன்கள் ஏழு பேர் சேர்ந்திருந்த ஒரு சமறியில் இடம் கிடைத்தது. காலையில் கோட்டைக்கு ரயில், அங்கிருந்து புதுக்கடைக்கு நடை. முதல் மூன்று வருஷம் மற்றவர்கள் எழுதியதைப் படியெடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை வலித்தது, கண் தேய்ந்தது, இங்கிலிஷ் திருந்தியது.

நான் வேலை செய்தது புரொக்டர் மனுவேற்பிள்ளை ஐயாவிடம். புரொக்டர் என்றால் அந்தக் காலத்துச் சட்டத்தரணி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், மூன்று தலைமுறையாய் அங்கேயே வீடு. மூக்குப்பொடி போடுவார், ஆனால் கந்தோரில் யாரும் தும்மக்கூடாது. ஒரு கடதாசியைக் கையில் நீட்டினால் வாங்கமாட்டார். மேசையில் வைத்து, அவர் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். மேலே உள்ள எழுத்தெல்லாம் மறையும்படி ஒற்றுத்தாளை வைத்து மூடிவிட்டு, சாட்சிகளின் கையெழுத்தை மட்டும் பார்ப்பார். இந்தச் சாட்சி யார், எங்கே குடியிருந்தவன், விற்றவனுடைய ஆளா வாங்கினவனுடைய ஆளா என்று கேட்பார். அது தெரிந்த பிறகுதான் ஒற்றுத்தாள் மேலே நகரும். கையெழுத்து, திகதி, நிபந்தனை, எல்லை என்று கீழிருந்து மேலே போய், காணியின் பெயரைக் கடைசியாகத்தான் வாசிப்பார்.

ஏன் இப்படி என்று நான் ஒருமுறை துணிந்து கேட்டேன்.

“வித்தவன் பொய் சொல்லுவான், வாங்கினவன் பொய் சொல்லுவான், உறுதி எழுதுற நொத்தாரிசு அவங்கள் சொன்னதைத்தான் எழுதுவார். சாட்சிக்காரனுக்குப் பொய் சொல்ல நேரமில்லை காணும். அவன் கையெழுத்தை வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவான்,” என்றார்.

பிழை விட்டால் பிழை என்று சொல்லமாட்டார். “வடிவா இருக்கு. இன்னொருக்காப் பாரும்,” என்பார். எங்கள் கந்தோரில் ‘வடிவா இருக்கு’ என்ற சொல்லைக் கேட்டு நடுங்காத கிளாக்கர் கிடையாது.

பெல்வுட் துரையின் விஷயம் வந்தபோது ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்டது. துரை ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் இருந்து, வேலையிலிருந்து இளைப்பாறி, காலிமுகத்துக்குக் கிட்ட ஒரு விடுதியில் தங்கியிருந்தவர். இங்கிலாந்தில் அவருடைய பெரியப்பா மகன் பிள்ளையில்லாமல் இறந்துபோக, குடும்பத்துப் பரம்பரைப் பட்டம் இவருக்கு வரவேண்டியதாயிற்று. பாரனெட் என்று சொல்வார்கள். தகப்பனுக்குப் பிறகு மகனுக்குப் போகும் ‘சேர்’ பட்டம். ஆனால் அங்கே யாரோ தடை கிளப்பிவிட்டார்கள். லண்டன் புரொக்டர்மார் ஒரு பெட்டி நிறையப் பழைய உறுதிகளின் படங்களை எடுத்து அனுப்பி, இதிலிருந்து தங்களால் ஒன்றும் நிறுவமுடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். துரைக்குக் கப்பல்படையில் ஒரு மகன். பட்டம் தனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கு வேண்டும் என்று சொல்லிப் பெட்டியைக் கொண்டுவந்து ஐயாவின் மேசையில் வைத்தார். ஐயா அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

கதை இதுதான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ராசாவுக்கும் பார்லிமென்றுக்கும் சண்டை மூண்டது. வீடும் நிலமும் சேர்ந்த பெல்வுட் வளவுக்குச் சொந்தக்காரர் நிக்கொலஸ் பெல்வுட் ராசா பக்கம் போனார். அவருடைய தம்பி ஹென்றி பார்லிமென்று பக்கம். அண்ணன் தன் ஆற்றங்கரை ஆலையை ஊர் வியாபாரி ஒருவருக்கு விற்று, அந்தக் காசில் குதிரைப்படை ஒன்று சேர்த்துக்கொண்டு ஒக்ஸ்போர்டுக்குப் போனார். ராசாவிடம் கொடுக்கக் காசில்லை, பட்டத்தைக் கொடுத்தார். சண்டை தோற்கப்போகிறது என்று தெரிந்தவுடன், ராசா பக்கத்தாரின் காணிகளைப் பறிக்குமுன்னே, நிக்கொலஸ் தன் வளவு முழுவதையும் தம்பிக்கு விற்றதாக ஓர் உறுதி எழுதினார். வென்றவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். உண்மையான விற்பனைதான், எனக்கு அதில் ஒளிவான உரிமை எதுவும் இல்லை என்று அண்ணன் வேதப்புத்தகத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். வாங்கியவர் தங்களுடைய ஆள் என்பதால் அவர்களும் விட்டுவிட்டார்கள். பட்டத்தை மட்டும் செல்லாது என்று தள்ளினார்கள். ராசாவின் தலையை வெட்டினார்கள். பதினொரு வருஷம் கழித்து, வெட்டுண்டவரின் மகனைக் கூட்டிவந்து சிம்மாசனத்தில் வைத்தார்கள். பட்டம் திரும்ப வந்தது. ஆலை வரவில்லை, பறித்ததைத்தான் திருப்பிக் கொடுக்கலாம், நீயே கையெழுத்து வைத்து விற்றதை எப்படித் திருப்புவது என்று சட்டம் சொல்லிவிட்டது.

வளவு என்னவாயிற்று என்பதில்தான் சிக்கல். தம்பி அண்ணனை ஏமாற்றி வளவைப் பிடித்துக்கொண்டான் என்பது குடும்பத்தில் வழிவழியாய் வந்த கதை. ஹென்றியின் படத்தைப் பின்படிக்கட்டில், வேலைக்காரர் மட்டும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். புது ராசா வந்ததும் அவன் பயந்து திருப்பிக் கொடுத்தான் என்றார்கள் சிலர். கொடுக்கவேயில்லை என்றார்கள் தடை கிளப்பியவர்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு மகன், அந்த இரண்டு மகன்மாருக்கும் பாட்டன் பேர், நிக்கொலஸ். ஞானஸ்நானப் பதிவேடு சண்டையில் எரிந்துவிட்டது. பிறகு வளவை ஆண்ட நிக்கொலஸ் யாருடைய மகன்? தம்பியின் மகன் என்றால் எங்கள் துரை தம்பி வழிக்காரர், அவருக்குப் பட்டமில்லை.

நான்கு மாதம் அந்தப் பெட்டியோடு கிடந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வளவுக்கு நாற்பத்தெட்டுப் பங்குகாரர் இருப்பார்கள். அதைப் பிரித்து வம்ச மரம் வரைந்து பழகியவனுக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் கொடுத்தது எடுத்தது எல்லாம் இருந்தும், தம்பியிடமிருந்து அண்ணனுக்குத் திரும்பிய உறுதி மட்டும் இல்லை. பெட்டியின் அடியில் ஒரு படம். எலி தின்ற தோல் உறுதி ஒன்றின் கீழ்ப்பாதி. மேலே காணியின் பெயருமில்லை, கொடுத்தவர் பெயருமில்லை. குத்தகையாக இருக்கலாம், பயனில்லை என்று லண்டன்காரர் பென்சிலால் குறித்திருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரு வரி, ‘மேற்சொன்ன என் சகோதரனுக்கும் அவன் வாரிசுகளுக்கும், நான் அவன்மேல் வைத்த அன்பின் நிமித்தம்’ என்று. அதன்கீழ் எச்.பி. என்று ஒப்பம், ஹென்றி பெல்வுட்டுக்குப் பொருந்தும் முதலெழுத்துகள், பிறகு மூன்று சாட்சிகள்.

மேலிருந்து வாசிக்கிறவனுக்கு அது குப்பை. எங்களுக்கு அதுதானே தொடங்கும் இடம்? ஒரு சாட்சியின் பேர் தோமஸ் ஃபென். அந்தப் பேரை எங்கேயோ பார்த்தேன் என்று தேடினேன். அண்ணன் தம்பிக்கு விற்ற உறுதியிலும் அதே தோமஸ் ஃபென் சாட்சி. இன்னொரு நாள், நிக்கொலஸின் மனைவியுடைய வீட்டுச் சாமான் பட்டியல் ஒன்றில் அவன் அகப்பட்டான். அந்த அம்மாவின் காரியக்காரன், அவருடைய பிறந்தகத்து ஆள். விற்கும்போதும் அந்த வீட்டு ஆள் சாட்சி, திருப்பும்போதும் அவனே சாட்சி. அப்படியானால் வளவு அண்ணனுக்கே திரும்பியிருக்கிறது, பிறகு ஆண்டவர் அண்ணனின் மகன், பட்டம் எங்கள் துரைக்கு. இது திருட்டுமல்ல, பயந்து கொடுத்ததுமல்ல. ஊரிலே இதற்கு எங்களிடம் பேர் இருக்கிறது, பேருக்கு எழுதுவது என்று. காணி போகாமல் இருக்க, நம்பிக்கையான ஒருவர் பேரில் எழுதிவைத்து, காலம் வந்ததும் திருப்பி வாங்குவது. லண்டன் புரொக்டர்மாருக்குத் தெரியாதது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐயாவிடம் வைத்தேன். ஒற்றுத்தாள் அன்றைக்குத் தேவைப்படவில்லை, மேல்பாதியை எலியே மூடியிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, “வடிவா இருக்கு,” என்றார். நான் அடுத்த வார்த்தைக்குக் காத்து நின்றேன். அது வரவில்லை. அந்த ஒருமுறைதான் வரவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பேருக்கு எழுதியதுதான் என்று அந்தத் தம்பி இந்த உறுதியில் ஒரு வரி எழுதியிருந்தால் முந்நூறு வருஷம் கள்ளன் என்று பேர் கேட்டிருக்க வேண்டாமே என்று கேட்டேன். ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“எழுதினா அண்ணன் பொய்ச் சத்தியம் செய்தவனாயிடுவான். தம்பி கள்ளன் எண்டு சொன்னா ஆருக்கு என்ன நட்டம்? தம்பிக்கு மட்டும்தானே,” என்றார்.

அறிக்கையை அனுப்பினோம். சண்டைக் காலம், பதில் வர இரண்டு வருஷத்துக்கு மேல் சென்றது. அதற்குள் இங்கே எங்கள் தலைக்குமேலேயே யுத்தம் வந்துவிட்டது. சிங்கப்பூர் விழுந்தது. யப்பான்காரன் அடுத்தது கொழும்புதான் என்று எல்லோரும் மூட்டை கட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தவர்கள் வீடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ரயிலேறினார்கள். ஐயாவுக்கு வேறு பயம். போர் நிதி சேர்க்கும் குழுவில் அவர் தலைவர், அவருடைய பேர் படத்தோடு பத்திரிகையில் வந்திருந்தது. யப்பான்காரன் வந்து இறங்கினால் முதலில் பறிப்பது தன்னுடைய வீட்டைத்தான் என்று நம்பினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். இருக்கச் சொன்னார். அந்த அறையில் நான் அதற்குமுன் இருந்ததில்லை.

“நடராசா, அந்த நிக்கொலஸ் ஆலையை ஊரானுக்கு எழுதினான், போச்சு. வளவைத் தம்பிக்கு எழுதினான், வந்துது. எனக்குத் தம்பி இல்லை. நீர்தான்.”

வீட்டை என் பேரில் எழுதப்போகிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அம்மாவின் பேரில், அதாவது ஐயாவின் மனைவி பேரில், எழுதலாமே என்றேன். மனைவியின் பேரில் கிடந்தால் அதையும் தன்னுடையது என்றுதான் எடுப்பார்கள், அந்நியன் பேரில்தான் கிடக்க வேண்டும் என்றார். அது சரியான சட்டம். வீடு உண்மையில் அவருடையதுதான் என்று சொல்லும் எதிர் உறுதி எதுவும் எழுதவில்லை. எழுதினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த கிழமை வேறொரு நொத்தாரிசுவிடம் போனோம். உறுதியில் விலை எழுதியிருந்தது, ஒரு சதமும் கைமாறவில்லை. சண்டை முடியும் மட்டும் மூச்சு விடக்கூடாது, வீட்டில் அம்மாவுக்கும் தெரியக்கூடாது என்றார். சரி ஐயா என்றேன். நாற்பது ரூபாய்ச் சம்பளக்காரன், சமறியில் பாய் போட்டுப் படுப்பவன், கொட்டாஞ்சேனையில் ஆறு அறை வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. ஐயா குடும்பத்தைச் சிலாபத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் கிழமை நாட்களில் கொழும்பில் இருந்தார். யப்பான்காரன் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஆனால் அடுத்த வருஷம் சிலாபத்தில் ஒரு விடியற்காலையில் ஐயாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகக் காரியம் பார்க்கும் அதிகாரம், கொடுத்தவர் செத்தால் தத்துவமும் செத்துப்போகும் என்று நானே எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். அடக்கம் முடிந்த அன்றே அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சண்டை முடியும் மட்டும் என்று ஐயா சொன்னாரே, சண்டை இன்னும் முடியவில்லையே என்று இருந்தேன். செத்தவரின் சொல்லுக்குக் கிளாக்கர் வேலை பார்த்தேன். ஐயாவின் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்துக்குத் தயாரிக்க வேண்டும் என்று கந்தோரில் கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளினேன். ஏனென்றால் பட்டியலில் வீடு வராது.

பொய் எதற்கு? பெருமையும் இருந்தது. ஊரையெல்லாம் விட்டு என்னை நம்பினார் என்ற பெருமை. ஒருநாள் பின்னேரம் வேலை எதுவும் இல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய், பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு எதிரே நின்று, என்னுடையது என்று நினைத்தும் பார்த்தேன். பிறகு வெட்கமாய் இருந்தது, திரும்பிவிட்டேன்.

அம்மாவின் பேர் திரேசம்மா. கான்வென்றில் படித்தவர், குறைவாகப் பேசுவார். ஒரே மகள் றோசலின். குண்டுப் பயம் தணிந்ததும் இருவரும் கொட்டாஞ்சேனைக்கே திரும்பிவந்தார்கள். றோசலினுக்குக் கலியாணம் பேசி, வீடு சீதனம் என்று முற்றானது. மாப்பிள்ளை பக்கத்தார் வழக்கப்படி பதிவுக் கந்தோரில் தேடிப் பார்த்தார்கள். வீடு என் பேரில் இருந்தது. கலியாணம் அந்தரத்தில் நின்றது.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், அன்று மாலையே போனேன். அம்மாவின் தமையனார் வாசலிலேயே கள்ளன் என்றார், இன்னும் பலதும் சொன்னார். படுக்கையில் கிடந்த மனுசனை ஏமாற்றி எழுதுவித்தேனாம். ஐயா படுக்கையில் கிடக்கவேயில்லை, ஆனால் யாரிடம் சொல்வது? அம்மா உள்ளே நின்றார். நான் சண்டை, யப்பான், நம்பிக்கை என்று உளறினேன். அவர் அதை ஒருமுறை முழுதாய்க் கேட்டார்.

“எப்ப எழுதித் தருவீர்?” என்றார்.

நாளைக்கே என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. என்னைக் கள்ளன் என்று முடிவு கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். அன்றிரவு சமறியில் சாப்பிடவில்லை.

ஆனால் நாளைக்கே எழுத முடியவில்லை. மாப்பிள்ளை பக்கத்துப் புரொக்டர் ஒரு கிழமை இழுத்தார். இந்த ஆள் காசு கொடுத்து வாங்கியதாக உறுதி சொல்கிறது, இப்போது சும்மா கொடுக்கிறான், ஏன் கொடுக்கிறான்? காரணத்தை எழுதட்டும் என்றார். முந்திய உறுதி பேருக்கு எழுதியது, விலை கொடுபடவில்லை என்று நான் ஒரு வரி எழுதினால் போதும். எனக்கும் அது நல்லதுதான், கள்ளன் என்ற பேர் போய்விடும். ஆனால் விலையை வாங்கிக்கொண்டேன் என்று ஒரு நொத்தாரிசு முன்னால் சொல்லி ஒப்பம் வைத்தவர் மனுவேற்பிள்ளை ஐயா. முப்பது வருஷம் மற்றவர்களின் உறுதிகளைச் சரி பார்த்தவருடைய சொந்த உறுதி பொய் என்று பதிவேட்டில் நிரந்தரமாகக் கிடக்கும். பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது அந்த எச்.பி. எனக்கு நன்றாய் விளங்கினார். காரணம் எழுத முடியாது, மதிப்பின் நிமித்தம் கொடுக்கிறேன் என்று மட்டும் எழுதுவேன் என்றேன். சண்டை போட்டுவிட்டு அந்தப் புரொக்டர் ஒத்துக்கொண்டார். கள்ளன் பயந்து கொடுக்கிறான் என்று புதுக்கடை முழுக்கப் பேச்சு. உண்மையைச் சொல்வதானால், அதைத் தாங்கிக்கொண்டு நடந்ததில் எனக்கு உள்ளூர ஒரு சுகமும் இருந்தது.

அந்த நாட்களில்தான் லண்டன் பதில் வந்தது. அரைத் தோலையும் தோமஸ் ஃபென்னையும் ஏற்றுக்கொண்டார்கள். பெல்வுட் துரை சேர் ஆகிவிட்டார். கந்தோருக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹென்றியின் படத்தை இனி முன் மண்டபத்தில் மாட்டுவார்களா என்று கேட்டேன். அத்தைக்கு எழுதியதாகவும், அத்தை நம்பவில்லை என்றும், படிக்கட்டில் அந்த இடம் வெறுமையாகிவிடும் என்று அவர் கவலைப்படுவதாகவும் சொன்னார்.

உறுதி முடிக்கும் நாளன்று அம்மாவும் றோசலினும் நொத்தாரிசுவின் அறைக்கு வந்தார்கள். இலங்கையில் நன்கொடை உறுதி என்றால் கொடுப்பவன் ஒப்பம் மட்டும் போதாது, பெறுபவர் ஏற்றுக்கொண்டதாகவும் அதிலே எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். அதற்கு வழிவழியாய் ஒரு வாசகம், ‘இந்த நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்’ என்பது. எத்தனையோ நூறு உறுதிகளில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன், இதிலும் எழுதியிருந்தேன். நொத்தாரிசு உரக்க வாசித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றார். அம்மா கையை உயர்த்தியிருந்தார்.

“அந்தச் சொல்லை வெட்டுங்கோ. நன்றியுடன் எண்டதை.”

அது வழக்கம், அப்படியே எல்லா உறுதியிலும் இருக்கும் என்று நொத்தாரிசு சொன்னார். சொந்த வீட்டைக் கள்ளனிடமிருந்து வாங்குகிறவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். சட்டத்துக்கு ஏற்பது மட்டும்தான் வேண்டும், நன்றி வேண்டாம், வெட்டலாம் என்று நானே சொல்லிப் பேனாவை எடுத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நடராசா, நீர் கள்ளன் எண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்லை. அண்ணர் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். இருபத்தாறு வருஷம் அவரோட இருந்தனான். அந்த ஆள் ஏமாறுற ஆளில்லை.”

 மனைவியின் பேரில் எழுதினால் அதையும் பறித்துவிடுவார்கள், அதனால்தான் ஐயா என் பேரில் எழுதினார் என்று சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் அதை நிறுத்தினார்.

“என்ர பேரில எழுதாட்டிப் போகட்டும். சொல்லியிருக்கலாமே. நான் படுத்து எழும்புற வீடு ஆற்ற வீடு எண்டு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சம்பந்தக்காரர் வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. உமக்கு வாயால நன்றி சொல்லுறன். கடுதாசியில எழுதினா அவர் செய்தது சரியெண்டு நான் கையெழுத்து வைச்ச மாதிரிப் போயிடும்.”

நிக்கொலஸின் மனைவி, அந்த ஆங்கிலச் சீமாட்டி, தன் காரியக்காரனை இரண்டு தடவையும் சாட்சிக்கு அனுப்பியிருந்தாள். அதாவது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. நான்கு மாதம் அந்தப் பேரைத் தேடிப் பிடித்துக் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன், இதை அதுவரை கவனிக்கவேயில்லை.

நான் சொல்லை வெட்டினேன். ஓரத்தில் அம்மா, நான், இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு என்று ஐந்து பேரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். என்னுடையதை முதலில் வைத்தேன். பேனாவை அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் ஒன்று கேட்டார்.

“எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு ஏன் சொன்னவர்? உமக்குக் காரணம் சொல்லியிருப்பாரே.”

சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும்போது நான் அதைக் கேட்டேன். பொம்பிளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான் என்றார். அது பெரிய பகிடி என்று நானும் அவரோடு சேர்ந்து படியிறங்கும் மட்டும் சிரித்தேன்.

“தெரியாது அம்மா. ஐயா ஒண்டும் சொல்லேல்லை,” என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பேனாவை வாங்கி, வெட்டிய சொல்லின் பக்கத்தில் தன் எழுத்தை நிதானமாய் வைத்தார்.